லத்தீன் பெயர் பூண்ட மீன்கள்

வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் நீந்தும் வண்ணமீன்களுக்கு விஞ்ஞானிகள் இட்ட லத்தீன் பெயர்களை எவ்வாறு உச்சரிப்பது என்ற வினா பார்வைக்குச் சிறியதாயினும், அதற்கு விடை தேடிப் புறப்படுகிறவர் ஐரோப்பியக் கல்வியின் சரித்திரத்தையும், கங்கைக்கரை மீனவரின் பேச்சுமொழியையும், நம்முடைய தரங்கம்பாடிக் கடற்கரையையும் கடந்தே வரவேண்டியவராகிறார். இந்தப் பெயர்களுக்கு எக்காலத்திலும் ஒரே உச்சரிப்பு இருந்ததில்லை என்பதும், இவற்றில் பல முதலில் நம் தேசத்து வாய்களிலேயே பிறந்தவை என்பதும் அந்த வழியில் தெளிவாகத் தெரியவருகின்றன.

ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1758-ஆம் ஆண்டில் தம்முடைய ‘சிஸ்டெமா நேச்சுரே’ என்னும் பெருநூலின் பத்தாம் பதிப்பை வெளியிட்டபோது, பேரினப் பெயர் ஒன்றும் சிற்றினப் பெயர் ஒன்றுமாக ஒவ்வொரு பிராணிக்கும் இரண்டே சொற்கள் போதும் என்ற நியதி விலங்கியலில் நிலைபெற்றது. அதற்கு முன்னே ஒரு மீனைச் சுட்ட நீண்ட வர்ணனைத் தொடர் ஒன்றை எழுதவேண்டியிருந்தது. மீன் பகுதிக்கு அஸ்திவாரமிட்டவர் உப்சாலா சர்வகலாசாலையில் லின்னேயஸுடன் பயின்ற பீட்டர் ஆர்ட்டெடி. ஆம்ஸ்டர்டாமில் ஸேபா என்ற செல்வரின் மீன் சேகரத்தை வகைப்படுத்திக்கொண்டிருந்த காலத்தில், 1735-இல் ஓர் இரவு கால்வாயில் தவறி விழுந்து, முப்பது வயதிலேயே மாண்டுபோன அந்த மேதையின் கையெழுத்துப் பிரதிகளை நண்பர் தேடிப் பெற்று 1738-இல் அச்சேற்றினார். மீன்களின் சாஸ்திரத்தில் இன்றும் அவருடைய பெயரை மரியாதையுடன் சொல்லவேண்டும்.

லின்னேயஸின் காலத்தில் லத்தீன் எவருக்கும் தாய்மொழியன்று. கற்றோர் அனைவருக்கும் பொதுமொழி. ஆயினும் ஸ்வீடன்காரர் அதை ஸ்வீடிஷ் ஓசையிலும், ஜெர்மானியர் ஜெர்மன் ஓசையிலும், இத்தாலியர் திருச்சபையின் மரபிலும் பேசினர். ஆங்கிலேயரோ, தங்கள் மொழியின் உயிரொலிகள் சில நூற்றாண்டுகளில் தலைகீழாக மாறிப்போனபோது, அந்த மாற்றத்தை லத்தீனுக்குள்ளும் புகுத்திவிட்டனர். ஜோசப் ஸ்காலிஜர் என்ற மகாபண்டிதர், ஆங்கிலேயர் ஒருவர் கால்மணி நேரம் தம்மிடம் லத்தீனில் உரையாடியதைக் கேட்டபின், தமக்கு ஆங்கிலம் தெரியாதென்று மன்னிப்புக் கோரினார் என்று ஒரு பழங்கதை வழங்குகிறது. இந்தக் குழப்பத்தைக் கண்ட எராஸ்மஸ் 1528-இலேயே, பண்டைய ரோமரும் கிரேக்கரும் பேசிய ஒலிகளை மீட்கவேண்டுமென்று ஒரு நூல் எழுதினார். அவ்வழியில் கேம்பிரிட்ஜில் கிரேக்கத்தைப் புதுமுறையில் ஓதத் தொடங்கிய ஆசிரியர்களை, அச்சர்வகலாசாலையின் தலைவர் ஸ்டீபன் கார்டினர் 1542-இல் ஆணையிட்டுத் தடுத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே இங்கிலாந்தின் பள்ளிகளில் பண்டைய ரோம உச்சரிப்பு மெல்ல இடம்பெற்றபோதும், வைத்தியரும் வக்கீல்களும் தாவர, விலங்கு நூலோரும் பழைய ஆங்கில முறையை விட்டுக்கொடுக்கவில்லை. நம் நாட்டுக் கல்லூரிகளுக்கு விலங்கியலோடு வந்துசேர்ந்தது அந்தப் பழைய ஆங்கில முறையேயாகும்.

இதன் விளைவைக் கப்பி மீனின் பேரினப் பெயரிலே காணலாம். ரோமர் ஒருவர் வாசித்தால் ‘போய்கிலியா’ என்றும், ஆங்கிலேயர் வாசித்தால் ‘பீசிலியா’ என்றும் அது ஒலிக்கும். வாள்வால் மீனை ஜெர்மானியர் ‘க்ஸிஃபோஃபோருஸ்’ என்பார்கள். ஆங்கிலேயர் முதலெழுத்தை ‘ஜி’ ஆக்கி ‘ஜிஃபோஃபரஸ்’ என்பார்கள். ஏஞ்சல் மீனுக்குரிய ‘ப்டெரோஃபில்லம்’ என்பதில் கிரேக்கர் தெளிவாக ஒலித்த முதல் ‘ப்’ ஆங்கில நாவில் அடியோடு மறைந்துவிடுகிறது. இவற்றுள் எது சரி என்று விலங்கியற் பெயரீட்டுச் சட்டத்தைப் புரட்டிப் பார்ப்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். எழுத்துக்கூட்டுக்கும் முன்னுரிமைக்கும் நுணுக்கமான விதிகளை வகுத்த அச்சட்டம் உச்சரிப்பைப் பற்றி ஒரு விதியும் செய்யவில்லை. இதைக் குறையென்று நான் கருதவில்லை. எழுத்து ஒன்றாயிருந்தால் போதும், ஒலி அவரவர் நாட்டுக்குரியது என்ற இந்தப் பெருந்தன்மையே அப்பெயர்களை உலகப் பொதுச்சொத்தாக்கியது.

மீன்தொட்டி வளர்ப்போர் ஏன் இந்தக் கடினமான பெயர்களை நாடினர் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தில் ஃபிலிப் ஹென்றி காஸ் 1854-இல் எழுதிய நூலும், ஜெர்மனியில் ரோஸ்மெஸ்லர் 1856-இல் ஒரு குடும்பப் பத்திரிகையில் எழுதிய கட்டுரையும் கண்ணாடித் தொட்டியை நடுத்தரக் குடும்பங்களின் கூடத்துக்குக் கொண்டுவந்தன. 1869-இல் கார்போனியே என்பவரிடம் சீனத்துச் சொர்க்கமீன் பாரிஸுக்கு வந்து சேர்ந்தது. அதன்பின் கப்பலேறி வந்த மீன்களுக்கு ஐரோப்பிய மொழிகளில் வழக்குப் பெயரே இல்லாதிருந்தமையால், வளர்ப்போரும் வியாபாரிகளும் லத்தீன் பெயரையே வாயில் வழங்கி, வழங்க வழங்க அதைத் தேய்த்துச் சுருக்கினர். பிரெஞ்சு அமைச்சர் மொல்லியானைச் சிறப்பித்து லெசுயூர் 1821-இல் இட்ட ‘மொல்லியெனேசியா’ என்ற பெயர் ‘மோலி’ ஆயிற்று. ‘டெட்ராகோனாப்டெரஸ்’ தலைப்பகுதி மட்டும் எஞ்சி ‘டெட்ரா’ ஆயிற்று. மொல்லியெனேசியா என்ற பேரினம் பின்னர் போய்கிலியாவில் கரைந்து நூல்களிலிருந்து மறைந்தபோதும், சென்னைக் கொளத்தூரின் மீன் கடைகளில் ‘மோலி’ சிரஞ்சீவியாக வாழ்கிறது. அங்கே மோலியையும் டெட்ராவையும் தயக்கமின்றிக் கேட்டு வாங்கும் வாலிபர்கள் ஏற்கனவே லத்தீன் பேசுகிறவர்களே என்பதை எண்ணும்போது எனக்கு மகிழ்ச்சியே உண்டாகிறது.

இனி என் மனத்துக்கு மிக நெருங்கிய பகுதிக்கு வருகிறேன். கிழக்கிந்தியக் கம்பெனியின் வைத்தியராக வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஃபிரான்சிஸ் புக்கானன், பிற்காலத்தில் ஹாமில்டன் என்று பெயர் பூண்டவர், 1800-இல் சென்னையிலிருந்து மைசூர் வழியாக மலையாளம் வரை பிரயாணம் செய்து குறிப்பெழுதியவராக நமக்கு அறிமுகமானவர். 1807 முதல் 1814 வரை வங்க தேசத்தை ஆராய்ந்தபோது, ஆறுகளிலும் வயல்நீரிலும் கிடைத்த மீன்களையெல்லாம் மீனவர்களிடம் பெயர் கேட்டுப் பதிந்துவந்தார். தாயகம் திரும்புகையில் தம் ஓவியத் தொகுதியை உடன் கொண்டுபோக அனுமதி மறுக்கப்பட்டும் மனந்தளராமல், 1822-இல் எடின்பரோவில் கங்கை மீன்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். அக்காலத்து ஐரோப்பியர் பலரும் கிரேக்க அகராதியைப் புரட்டிப் பெயர் தேடியபோது, இவரோ மீனவர் சொன்ன சொல்லையே எடுத்து லத்தீன் ஈற்றைச் சேர்த்தார், சில இடங்களில் அதையும் சேர்க்காமல் விட்டார். புண்ட்டி என்ற வங்காளிச் சொல் ‘புண்டியஸ்’ ஆயிற்று. ரோகு ‘ரோஹிதா’ ஆயிற்று. கட்லா கட்லாவாகவே நின்றது. இன்று உலகத்து ஆராய்ச்சிச் சாலைகளிலெல்லாம் வளர்க்கப்படும் வரிக்குதிரை மீனுக்கு அவர் இட்ட ‘டானியோ ரெரியோ’ என்ற பெயரும் இவ்வகையினதே. அதை ‘டேனியோ’ என்று சொல்லும் ஆங்கில வழக்கு பரவிவிட்டது. ஆனால் அச்சொல் புறப்பட்ட வங்கத்து நாவில் அங்கே நெடில் ‘ஆ’ இருந்ததேயன்றி ‘ஏ’ இருந்ததில்லை. தேன்நிறக் குராமிக்கு அவர் சூட்டிய ‘சுனா’ என்ற பெயர் இன்னும் தெளிவான சான்று. லத்தீன் விதியைப் பிடிவாதமாகப் பற்றுகிறவர் அதன் முதலெழுத்தைக் ககரமாக்கிக் ‘குனா’ என்பார். மீனவர் சொன்னதோ ‘பச்சை’ என்பதில் வரும் சகரவொலி. விதிக்காக மூலச்சொல்லைக் கொல்வது பாண்டித்தியமாகாது.

தரங்கம்பாடியின் பங்கும் இதற்குக் குறைந்ததன்று. 1771-இல் அங்கே வந்து வாழ்ந்த ஜெர்மானிய மிஷனரி கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், சோழமண்டலக் கடலிலும் ஆறுகளிலும் பிடித்த மீன்களைத் தமிழ்ப் பெயர்க் குறிப்போடு பெர்லினிலிருந்த மார்க்கஸ் எலியேசர் ப்ளோக் என்ற வைத்தியருக்கு அனுப்பிவந்தார். ப்ளோக் நன்றியறிதலாக ஒரு பேரினத்துக்கு ‘ஜோனியஸ்’ என்று பெயரிட்டதோடு, அதன் ஒரு சிற்றினத்துக்குக் ‘கருத்தா’ என்றே 1793-இல் பெயர் சூட்டினார். அது நம் மீனவரின் ‘கருத்த கத்தாளை’ என்பதன் முற்பாதியேயன்றி வேறில்லை. அவர் மறைந்தபின் 1801-இல் வெளிவந்த நூலில் காணும் ‘அட்டு’ என்ற வாளை மீனின் பெயரும் ‘ஆத்து வாளை’ என்ற பேச்சுவழக்கிலிருந்து பெற்றதே. பெரிய தொட்டிகளில் அம்மீனை வளர்க்கும் தமிழர், ‘வல்லாகோ அட்டு’ என்று எழுத்துக்கூட்டித் தடுமாறாமல், ‘ஆத்து’ என்றே சொல்லலாம். மூலத்துக்கு அதைவிட நெருங்கிய உச்சரிப்பு இல்லை. இலங்கையிலும் இதே வழக்கம் தொடர்ந்தது: தெரணியகல 1937-இல் விவரித்த ‘மல்புலுத்தா’வும், 2012-இல் வகுக்கப்பட்ட ‘பெத்தியா’ பேரினமும் சிங்களச் சொற்களே.

மனிதர் பெயர் தாங்கிய மீன்களில் மட்டும் சிறிது கவனம் வேண்டும். சென்னை ராஜதானியின் கவர்னராயிருந்த டெனிசனைச் சிறப்பித்து ஃபிரான்சிஸ் டே 1865-இல் பெயரிட்ட, கேரளத்து மலையாறுகளில் வாழும் செங்கோட்டு மீனுக்கு ‘டெனிசோனிஇ’ என்று இரண்டு இகரத்தையும் ஒலிப்பது ரோம மரபு. ‘டெனிசோனியை’ என்பது ஆங்கில மரபு. இரண்டிலும் ‘டெனிசன்’ என்ற பெயர் செவிக்குப் புலப்பட்டால் நோக்கம் நிறைவேறியது.

வடசொல்லைத் தமிழில் எடுத்தாளும்போது வடவெழுத்தை விடுத்துத் தமிழ் எழுத்தால் வழங்கலாமென்று தொல்காப்பியர் விதித்தது, ஒவ்வொரு நாட்டாரும் லத்தீனுக்குச் செய்துகொண்ட ஏற்பாட்டோடு முற்றிலும் இசைகிறது. ஆகையால் வண்ணமீன் வளர்க்கும் நண்பர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: உயிரெழுத்துகளைத் தமிழில் ஒலிப்பதுபோலவே விரித்துச் சொல்லுங்கள், எழுதியிருக்கும் எழுத்து எதையும் விழுங்காதீர்கள், இந்தியச் சொல்லென்று தெரிந்த பெயரை இந்தியச் சொல்லாகவே வழங்குங்கள், ஆங்கிலேயர் வேறுவிதமாகச் சொல்கிறாரென்று அஞ்சிக் குரலைத் தாழ்த்தாமல், முழுப்பெயரையும் உங்கள் பிள்ளைகள் கேட்கும்படி உரக்கச் சொல்லுங்கள்.