இரண்டு மாதத்துக்கு ஓர் அறை

சென்ற ஆண்டு ஏப்ரலில் என் முதுகலை மாணவி ஒருத்திக்குச் சென்னைப் பதிப்பகம் ஒன்றில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப் கிடைத்தது. அன்று வகுப்புக்கே மிட்டாய் கொடுத்தாள். பத்து நாள் கழித்து, "வரலைன்னு எழுதிடலாம்னு இருக்கேன் மேடம்" என்று வந்து நின்றாள். தங்க இடம் கிடைக்கவில்லை.

துறை அறையில் உட்கார்ந்து இருவருமாக ஒவ்வொரு விடுதியாக அழைத்தோம். இரண்டு மாதத்துக்கெல்லாம் ஆள் எடுப்பதில்லை என்றது ஒரு விடுதி. மூன்று மாத வாடகையை முன்பணமாகக் கேட்டது இன்னொன்று. மாணவி என்றால் கல்லூரி அடையாள அட்டை வேண்டும், வேலைக்குப் போகிறவள் என்றால் சம்பளச் சான்று வேண்டும். இவளிடம் இருந்தது வெளியூர்க் கல்லூரி அட்டை, சம்பளம் கிடையாது. "நீங்க என்ன ஆளுங்க?" என்று நேராகவே கேட்டவரும் உண்டு. எல்லோரும் தவறாமல் கேட்டது, அப்பாவோ அண்ணனோ வந்து கையெழுத்துப் போடுவார்களா என்பது. அவளுக்கு அப்பா இல்லை. அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறவர். அவர் கையெழுத்துப் போதாதா என்று கேட்டேன். "ஜென்ட்ஸ் யாரும் இல்லையா?" என்று பதில் வந்தது.

இதே சென்னையில் வெளியூர் ஆண்கள் எப்படித் தங்கினார்கள் என்பது நமக்குத் தெரிந்த கதை. திருவல்லிக்கேணி மேன்ஷன்களைப் பற்றி எத்தனை சிறுகதைகள், எத்தனை சினிமாக் காட்சிகள்! ஒரு பையோடு ரயிலிலிருந்து இறங்கியவனுக்கு அங்கே ஒரு கட்டில் கிடைத்தது. வேலை தேடவும், பரீட்சை எழுதவும், சும்மா இருக்கவும்கூட அந்தக் கட்டில் போதுமானதாக இருந்தது. யாருடைய மகன் என்று அவனை யாரும் கேட்கவில்லை. பெண்ணுக்கு மேன்ஷன் என்று ஒன்று இருந்ததில்லை. அவளுக்குக் கிடைத்ததற்கு ‘இல்லம்’ என்று பெயர். வீட்டை விட்டு வந்தவளை இன்னொரு வீட்டுக்குள் ஒப்படைக்கும் ஏற்பாடு அது.

அந்த ஏற்பாட்டின் தொடக்கமும் திருவல்லிக்கேணியின் கடலோரத்தில்தான் இருக்கிறது. சகோதரி சுப்பலட்சுமி சிறு வயதிலேயே விதவையானவர். 1911-இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். அடுத்த ஆண்டு எழும்பூரில் நான்கு பிராமண விதவைப் பெண்களை வைத்து ஒரு விடுதியைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து மெரினாவின் ஐஸ் ஹவுஸுக்குக் குடிபோனது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டிய கட்டடம் அது. இன்று விவேகானந்தர் இல்லம். எதிரில் வந்தாலே ஆகாது என்று ஒதுக்கப்பட்ட பெண்கள் அங்கே தங்கிப் படித்து ஆசிரியைகளானார்கள். பெற்றோர் நம்பி அனுப்ப வேண்டுமே என்று வீட்டு ஆசாரங்களை விடுதிக்குள்ளும் கடைப்பிடித்தார் சுப்பலட்சுமி. அவருடைய தந்திரம் என்று அதைச் சொல்லலாம். அவருக்கு வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் பிராமண விதவைகளுக்கு மட்டுமே திறந்த கதவு அது.

1914-இல் சற்றுத் தள்ளி, அதே கடற்கரைச் சாலையில், ராணி மேரிக் கல்லூரி தொடங்கியது. முதல் முதல்வர் டோரதி டி லா ஹே. வெளியூர்க் குடும்பங்கள் மகள்களை அனுப்பத் துணிந்ததற்கு அதன் வகுப்பறைகளைவிட விடுதியே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

சுப்பலட்சுமி பிறந்த அதே 1886-இல் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். புதுக்கோட்டையிலிருந்து 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் படிக்க வந்தார். 1927-இல் சென்னை சட்டமன்றத்தில் முதல் பெண் உறுப்பினராகி, கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். அந்த வழக்கத்திலிருந்து தப்பி வந்த சிறுமிகள் 1930-இல் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நகரத்து விடுதிகளைக் கேட்டார். பெண்களுக்கென்றே நடந்த விடுதிகள் அவை. பிறப்பைக் காரணம் காட்டி மறுத்தன. தன் வீட்டிலேயே அவர்களைத் தங்கவைத்தார். ஔவை இல்லம் அப்படித்தான் பிறந்தது.

இந்த இரண்டு கதைகளையும் சேர்த்து வாசிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. சென்னையில் பெண்ணுக்கான அறை எப்போதும் வாடகைக்கு மட்டும் கிடைத்ததில்லை. பாதுகாக்கத் தக்கவள் யார் என்ற தேர்வு முதலில் நடந்தது. அதில் தேறியவளுக்கு அறையோடு ஒரு காவலும் சேர்ந்து வந்தது. தேறாதவளுக்காக இன்னொரு பெண் புதிதாக ஒரு கதவைத் திறக்க வேண்டியிருந்தது.

காவல் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. 2014-இல் பொள்ளாச்சி விடுதி ஒன்றில் சிறுமிகள் மீது நடந்த பாலியல் வன்முறைக்குப் பிறகு, பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளை முறைப்படுத்தத் தமிழ்நாடு அரசு அதே ஆண்டில் சட்டம் இயற்றியது. இத்தகைய விடுதிகள் உரிமம் பெறுவது கட்டாயமானது. தேவையான சட்டம்தான். ஆனால் 2018 டிசம்பரில், ஆதம்பாக்கத்தில் விடுதி நடத்தியவரே அறைகளில் கேமராக்களை ஒளித்து வைத்திருந்தது வெளியே வந்தது. கண்டுபிடித்தவர்கள் அங்கே தங்கியிருந்த பெண்கள். கையெழுத்துப் போட்ட அப்பாக்களுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை.

என் மாணவிக்குக் கடைசியில் இடம் கிடைத்தது. எங்கள் கல்லூரியில் நான்கு ஆண்டுக்கு முன் படித்த பெண் ஒருத்தி வேளச்சேரியில் தோழிகளோடு வீடு எடுத்திருந்தாள். "அனுப்புங்க மேடம், பாய் ஒண்ணு கூடப் போட்டுக்கிட்டாப் போச்சு" என்றாள். படிவம் இல்லை, கையெழுத்து இல்லை. இவள் போய்வந்தாள். மெய்ப்புத் திருத்தக் கற்றுக்கொண்டாள். அதே வகுப்பில் இன்னொரு பெண்ணும் இருந்தாள். அவளுக்கும் சென்னையில் இடம் கிடைத்திருந்தது. தெரிந்த அக்கா யாரும் இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டு ஊரிலேயே இருந்துவிட்டாள். அவளைப் பற்றி எந்த வரலாற்றிலும் வரி இருக்காது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

மே மாதத்தில் சென்னையின் பெண்கள் கல்லூரி விடுதிகளில் எத்தனையோ அறைகள் பூட்டிக்கிடக்கின்றன. கட்டில், மின்விசிறி, காவலர், விடுதிக் காப்பாளர் எல்லாம் இருக்கின்றன. பயிற்சிக்கு வரும் வெளிமாவட்ட மாணவிக்கு அவற்றை வாடகைக்குத் திறந்துவிட ஒரு சுற்றறிக்கை போதும். பயிற்சியைப் பாடத்திட்டத்தில் சேர்க்கும் கல்லூரிகள் தங்கும் இடத்தையும் அதோடு யோசிக்க வேண்டும். அந்தப் படிவத்தில் ஒரே ஒரு கையெழுத்துதான் இருக்க வேண்டும். அது தங்கப்போகிறவளுடையது.