பிக்கப் வண்டியும் தேன்கூடும்: கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் வரலாறு

1/
"கன்வெர்ட்டர் அடைச்சிருச்சுண்ணே. கம்பெனி சாமான் விலை கட்டுபடியாகாது. வெளிச்சாமான் போடுவமா, இல்ல உள்ள இருக்கிறதத் தட்டி எடுத்துட்டு வெறும் டப்பாவ மாட்டிருவமா?"

மல்லாங்கிணறு, காரியாபட்டி, விருதுநகர் பக்கம் பழைய பிக்கப் ஓட்டிப் பிழைக்கும் பலருக்கும் என்றாவது ஒரு நாள் ஒர்க்‌ஷாப்பில் வரும் கேள்வி இது. இதுல டாக்டருக்கு என்ன வேலைன்னு தோணலாம். இந்த டப்பாவின் வரலாற்றில் பாதி மருத்துவ வரலாறு. எதை வாங்கணும் என்பதற்கான பதிலும் அந்த வரலாற்றிலேயே இருக்கு.

2/
முதலில் இது என்ன செய்யுது? எரிபொருள் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடும், எரியாத ஹைட்ரோகார்பனும் வெளியே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். விரலில் மாட்டும் சாதாரண பல்ஸ் ஆக்சிமீட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஆள் மயங்கிக் கிடப்பார், மெஷின் 98 என்று காட்டும்.

3/
1940களில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் கண் எரிச்சல் தரும் புகைமூட்டத்தில் தவித்தது. அதற்குக் கார் புகையும் முக்கியக் காரணம் என்று நிரூபித்தவர் ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியல் அறிஞர். பெட்ரோல் சுத்திகரிப்பில் பெயர் பெற்ற பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் ஹௌட்ரி 1950களில் கார் புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டரைச் செய்தே காட்டிவிட்டார்.

ஆனால் அதைக் காரில் மாட்ட முடியவில்லை.

4/
காரணம் ஈயம். என்ஜின் 'நாக்' அடிக்காமல் இருக்க உதவும் என்று 1921ல் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்த ஈயச் சேர்மத்தைப் பெட்ரோலில் கலந்து வந்தார்கள். அந்த ஈயம் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் பிளாட்டினத்தின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்துவிடும். நல்ல மருந்து கையில் இருந்தும் 20 வருஷம் பயன்படுத்த முடியாத நிலை.

5/
1970ல் அமெரிக்கா காற்று மாசுக்குக் கடுமையான சட்டம் போட்டது. கார்னிங் நிறுவனத்தின் பேக்லி, லாக்மன், லூயிஸ் மூவரும் சூடு தாங்கும் பீங்கானில் தேன்கூடு போன்ற அமைப்பை உருவாக்கினார்கள். அதன் நுண்துளைகளின் சுவரில் பிளாட்டின வகை உலோகங்களைப் பூசினார்கள். 1975 மாடல் கார்களில் கன்வெர்ட்டர் வந்தது, கூடவே ஈயமில்லாப் பெட்ரோலும் வந்தது.

6/
பலன்? 2002ல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வு சொல்வது: 1975க்கு முந்தைய நிலையே நீடித்திருந்தால், 1998க்குள் வண்டிப் புகையின் கார்பன் மோனாக்சைடால் அமெரிக்காவில் கூடுதலாகச் சுமார் 11,700 பேர் எதிர்பாராத விபத்தாக இறந்திருப்பார்கள்.

இன்னொரு பலனும் உண்டு. குழந்தைகளின் பால் பற்களில் ஈயம் கூடினால் அறிவுத்திறன் குறைகிறது என்று 1979ல் ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற டாக்டர் காட்டினார். கன்வெர்ட்டரைக் காப்பாற்ற ஈயத்தை நீக்கப் போய், பிள்ளைகளின் மூளையும் பிழைத்தது.

7/
நம் நாட்டுக்கு வருவோம். எம்.சி. மேத்தா 1985ல் தொடுத்த வழக்கின் தொடர்ச்சியாக உச்ச நீதிமன்றம் தலையிட்டது. 1995 ஏப்ரல் முதல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னையில் விற்கும் புது பெட்ரோல் கார்களில் கன்வெர்ட்டர் கட்டாயம். ஆனால் நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது 2000 பிப்ரவரியில்தான். இடைப்பட்ட வருஷங்களில், சென்னையில் வாங்கிய காரை நம்ம ஊர் பக்கம் ஓட்டி வந்து, கிடைத்த பெட்ரோலைப் போட்டால் கன்வெர்ட்டர் காலி.

8/
இதிலிருந்து முதல் பாடம்: கன்வெர்ட்டர் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை, ஏதோ ஒன்று அதைக் கொல்கிறது. இன்று ஈயம் இல்லை. ஆனால் ஆயில் குடிக்கும் என்ஜின், மிஸ்ஃபயர், பழுதான இன்ஜெக்டர், கலப்பட எரிபொருள், உள்ளே கசியும் கூலன்ட் எல்லாம் இருக்கு. காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் மாத்திரை மட்டும் போடுவது மாதிரி, காரணத்தைச் சரி பண்ணாமல் புதுசு மாட்டினால் அதுவும் சீக்கிரம் போகும்.

9/
இரண்டாம் பாடம்: பெட்ரோலா, டீசலா?

1970களில் எங்கல்ஹார்டு நிறுவனத்தின் மூனி, கீத் இருவரும் 'த்ரீ-வே' கன்வெர்ட்டரை உருவாக்கினார்கள். அது நைட்ரஜன் ஆக்சைடையும் சேர்த்துச் சுத்தம் செய்யும். ஆனால் காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கலந்தால்தான் வேலை செய்யும், அதற்கு ஆக்சிஜன் சென்சார் வேண்டும். டீசல் புகையில் ஆக்சிஜன் மிச்சம் அதிகம், அங்கே த்ரீ-வே உதவாது. பழைய டீசல் பிக்கப்பில் இருப்பது ஆக்சிடேஷன் வகை. "பைப் சைஸ் சேருது, மாட்டிரலாம்" என்று ஒன்றின் இடத்தில் இன்னொன்றை மாட்டக்கூடாது.

10/
மூன்றாம் பாடம்: எந்த பி.எஸ்.?

2010ல் சென்னை போன்ற பெருநகரங்களுக்கு பி.எஸ். 4 வந்தபோது மற்ற ஊர்களுக்கு பி.எஸ். 3தான். நாடு முழுக்க பி.எஸ். 4 வந்தது 2017 ஏப்ரலில், பி.எஸ். 6 வந்தது 2020 ஏப்ரலில். ஆகவே விருதுநகரில் பதிவான 2013 வண்டியும், சென்னையிலிருந்து செகண்ட் ஹேண்டில் வந்த அதே 2013 வண்டியும் வேறு வேறு வகையாக இருக்கலாம். தயாரித்த மாதம், வருஷம், என்ஜின் நம்பர், பழைய பீஸில் உள்ள பார்ட் நம்பர் எல்லாம் ஒத்துப் பார்த்து வாங்குங்க.

11/
நான்காம் பாடம்: உள்ளே இருப்பது விலையுயர்ந்த உலோகம். பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம். 2021ல் ரோடியம் ஒரு அவுன்ஸ் கிட்டத்தட்ட 30,000 டாலருக்குப் போனது. சைலன்சரை அறுத்துத் திருடும் கும்பல்கள் கிளம்பியது இதனால்தான். ஆகவே மிக மிக மலிவாக ஒரு கன்வெர்ட்டர் கிடைத்தால், பூச்சு எவ்வளவு இருக்கும்னு யோசிங்க. கழட்டிய பழைய பீஸையும் சும்மா விட்டுட்டு வராதீங்க, அதற்கு விலை உண்டு.

12/
வெளிச்சாமானே தப்பா? இல்லை. அமெரிக்காவே 1986ல் வெளிச்சாமான் கன்வெர்ட்டருக்கு விதி வகுத்து அனுமதித்தது. 25,000 மைல் ஓடும் வரை, ஹைட்ரோகார்பனையும் கார்பன் மோனாக்சைடையும் 70 சதவீதமாவது, நைட்ரஜன் ஆக்சைடை 30 சதவீதமாவது குறைக்க வேண்டும் என்பது கணக்கு.

கடையில் நீங்க பார்க்க வேண்டியது: டார்ச் அடித்தால் உள்ளே தேன்கூடு முழுசாகத் தெரியணும். ஆட்டினால் கலகல சத்தம் வரக்கூடாது. தயாரிப்பாளர் பெயரும் நம்பரும் பொறித்திருக்கணும். என்ஜின் அளவுக்கு ஏற்றதாக இருக்கணும். கிலோமீட்டர் கணக்கில் வாரண்டி பில்லில் எழுதி வாங்கணும்.

13/
நம்ம ஊருக்கு ஒன்று கூடுதலாக. கன்வெர்ட்டர் பல நூறு டிகிரி சூட்டில் வேலை செய்வது. பட்டாசும் தீப்பெட்டியும் ஏற்றும் பகுதி இது, வெயில் காலத்தில் காய்ந்த புல் மேல் வண்டியை நிறுத்தும் பகுதியும் கூட. வெப்பத் தடுப்புத் தகடு இல்லாமல் மாட்டித் தந்தால் வண்டியை எடுக்காதீங்க.

14/
"வெறும் டப்பா மாட்டியும் புகைச் சோதனையில பாஸ் ஆகுதே?" டீசல் வண்டிக்கு அங்கே அளப்பது புகையின் கருமையை மட்டும்தான், கார்பன் மோனாக்சைடை இல்லை. சான்றிதழ் கிடைத்ததால் விஷம் குறைந்ததாக அர்த்தம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 190(2)ன்படி மாசு விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

அபராதத்தை விடுங்க. அந்தப் புகைக்கு மிகப் பக்கத்தில் இருப்பது யார்? தினமும் பத்து மணி நேரம் வண்டியில் இருக்கும் டிரைவரும், பின்னால் நின்று லோடு இறக்கும் ஆட்களும்.

பணம் இப்போது இல்லை என்றால் முதலில் என்ஜினில் உள்ள காரணத்தைச் சரி பண்ணுங்க. அடுத்து நல்ல வெளிச்சாமான். வெறும் டப்பா மட்டும் வேண்டாம்.

வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கும் மெக்கானிக் அண்ணன்களுக்கும் பகிருங்கள்.