தொழிலகக் காற்றில் நானோத்துகள்கள்

1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ள துகள்கள் பணியிடக் காற்றில் கலந்து, மூச்சுவழியே தொழிலாளரின் நுரையீரலை அடைகின்றன. வெல்டிங் புகையிலும் டீசல் புகையிலும் இவை தாமாகவே உண்டாகின்றன; கார்பன் நானோகுழாய், டைட்டானியம் டைஆக்சைடு போன்றவை இந்த அளவிலேயே தயாரிக்கவும் படுகின்றன. உலர்ந்த தூளைக் கொட்டுவது, எடைபோடுவது, உலையைத் திறந்து துடைப்பது ஆகிய வேலைகளில் ஆபத்து மிகுதி. துப்புரவு செய்பவர் இதில் பெரும்பாலும் கணக்கில் வராமல் போகிறார்.

தூசியின் எடையை மட்டும் அளப்பது போதாது. 1 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஓர் உருண்டையின் எடைக்கு 100 நானோமீட்டர் உருண்டைகள் 1000 வேண்டும். மொத்தப் பரப்போ 10 மடங்காகிவிடும். பரப்பு கூடக் கூட நுரையீரல் அழற்சியும் கூடுவதை விலங்காய்வுகள் காட்டின. அமெரிக்கத் தேசியத் தொழிற்பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் 2011இல் டைட்டானியம் டைஆக்சைடுக்கு இரு வரம்புகளைப் பரிந்துரைத்தது இதனால்தான்: கன மீட்டருக்கு நுண்தூள் 2.4 மில்லிகிராம், மீநுண்தூள் (நானோ அளவிலானது) 0.3 மில்லிகிராம். கார்பன் நானோகுழாய்க்கு 2013இல் அது வகுத்தது வெறும் 1 மைக்ரோகிராம்.

மூடிய கலன்களும் தூசி கிளம்பும் இடத்திலேயே காற்றை உறிஞ்சும் குழாய்களும் பாதுகாப்புக்கு முதல் தேவை. முகக்கவசம் அவற்றுக்கு மாற்றாகாது. உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதும் அழுத்தக் காற்றால் ஊதுவதும் தவிர்க்கப்பட வேண்டியவை. ஈரத்துணியும் ஹெப்பா வடிகட்டியுள்ள வேக்குவம் கிளீனரும் ஏற்றவை.