நட்ட கட்டிலும் காவிய பெட்டியும்

வன்னி வீட்டுத் தளபாடங்களை நான் இரண்டாகப் பிரிப்பேன்: நிலத்தில் நட்டது, தோளில் காவியது. காசு கொடுத்து வாங்கியதும் உண்டுதான். ஆனால் அதன் காலம் குறுகியது. அதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன்.

1970 தொடக்கம் 1977 வரை சிறிமாவோ அரசு இறக்குமதியை இறுக்கிப் பிடித்ததில் செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை இருந்தது. வட்டக்கச்சியில் தோட்டம் செய்த எங்கள் ஐயா அந்த மிளகாய்க் காசில் முதிரை மரத்தில் ஓர் அலுமாரி செய்வித்தார். ஆள் உயரக் கண்ணாடி பதித்த கதவு. சேலை உடுத்த ஊர்ப் பெண்கள் அதில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கலியாண வீட்டுக்குப் போவார்கள். 1977இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் மிளகாய் விலை விழுந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குப் பெரிய மரச்சாமான் எதுவும் வரவில்லை.

1990 யூனில் மறுபடி சண்டை தொடங்கியது. வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றது. சீமெந்து, இரும்பு, எரிபொருள், பற்றறி, பசளை எல்லாவற்றுக்கும் தடை வந்தது. நட்ட தளபாடத்தின் பொற்காலம் என்று இதைத்தான் சொல்லவேண்டும். காட்டில் நாலு கவர்த்தடி வெட்டி வந்து மண் நிலத்தில் நட்டு, கவருக்குள் குறுக்குத்தடி வைத்து, மேலே நேரான கம்புகளை நெருக்கிப் பரப்பிக் கட்டினால் கட்டில். அதையே ஒடுக்கமாகவும் உயரமாகவும் கட்டினால் சட்டிபானை தட்டு. வாசலில் கட்டினால் வாங்கு. ஆணி கிடையாது. பழைய சைக்கிள் ரியூபை நீளவாக்கில் கீறி இழுத்துக் கட்டுவோம், அல்லது உரப்பையின் நூலைப் பிரித்துத் திரித்துக் கட்டுவோம். பசளைக்குத் தடை வந்தபிறகு உரப்பைக்கும் மதிப்புக் கூடிவிட்டது. அதைக் கழுவிக் காயவைத்து இரண்டு தடிகளுக்கு இடையில் கோத்தால் சாக்குக் கட்டில். விரித்துத் தைத்தால் மறைப்பு.

சுவர் அரைச் சுவர்தான், களிமண்ணில் வைத்தது. அதன் அடியில் குந்து பிடித்துவிட்டால் நாலு பேர் இருக்கலாம், கதிரை தேவையில்லை. அலங்காரம் என்று நான் முதலில் சொல்வது அந்த வீட்டின் நிலத்தைத்தான். சாணகமும் மண்ணும் குழைத்து மெழுகும்போது கைவிரல்கள் இழுபட்ட தடம் அப்படியே காயும். என் சின்னம்மா ஒரே வீச்சில் பிறை பிறையாக இழுப்பார். அம்மா சின்னச் சின்னதாக மீன்செதிள் போல மெழுகுவார். வெள்ளிக்கிழமை காலையில் வாசல்படியைப் பார்த்தாலே யார் மெழுகியது என்று சொல்லிவிடலாம். பின்னால் வந்த சீமெந்து நிலத்தில் இந்தக் கையெழுத்துக்கு இடமில்லை. கழுவுவது சுகம் என்பதை மறுக்கமாட்டேன்.

விளக்கையும் சொல்லவேண்டும். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய், சைக்கிள் வால்வுக் குழாய்க்குள்ளால் இழுத்த திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே நின்று எரியும். காற்று லேசில் அணைக்காது, எண்ணெயும் அதிகம் குடிக்காது. அந்த வெளிச்சத்தில் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் இன்று டொராண்டோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். அந்த விளக்கு இன்று எத்தனை வீட்டில் இருக்கிறது?

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் பெயர்ந்தது. அடுத்த மாதங்களில் யாழ்ப்பாணத்துச் சனம் கிளாலிக் கடல் தாண்டி எங்களிடம் வந்தது. கவர்த்தடி நட அவர்களுக்குத் தெரியாது, நாங்கள் காட்டிக்கொடுத்தோம். கிடுகுத் தூசி சோற்றில் விழாமல் பழஞ்சேலையைக் கூரைக்குக் கீழே இழுத்துக் கட்டுவதையும், அதே சேலையால் ஒற்றை அறையை இரண்டாக்குவதையும் அவர்கள் காட்டித் தந்தார்கள். கரையில் மாம்பிஞ்சு போட்ட சேலையாகத் தேடி, அந்தக் கரை வாசலில் தெரியும்படி தொங்கவிடுவார்கள். இல்லாத காலத்திலும் எந்தப் பக்கம் வெளியே தெரியவேண்டும் என்று பார்த்தவர்கள்! எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு நானும் பார்க்கத் தொடங்கினேன்.

1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடியபோது ஐயாவின் அலுமாரி அங்கேயே நின்றது. காவக்கூடியது அம்மாவின் றங்குப் பெட்டி. தகரப் பெட்டி, கறுப்பு நிறம், மூடியில் ஒரு ரோசாப்பூவும் இருபக்கமும் இரண்டு கிளிகளும். ஒரு மூலையில் துரு ஏறி, இடதுபக்கக் கிளியைப் பாதிக்குமேல் தின்றுவிட்டது. கந்தபுரத்தில் இருந்தபோது அண்ணா மண்ணால் துருவைத் தேய்த்தெடுத்து, சைக்கிள் கடையில் தகரப்பேணியின் அடியில் காய்ந்து கிடந்த பச்சைப் பெயின்றை மண்ணெண்ணெயில் கரைத்து, தென்னம் ஈர்க்கை நுனி நசுக்கித் தூரிகையாக்கி அந்தக் கிளியை மறுபடி கீறினார். மண்ணெண்ணெயை வீணாக்கியதற்கு அம்மாவிடம் ஏச்சும் வாங்கினார். அன்றிலிருந்து ஒரு கிளி இலைப்பச்சை, மற்றது சைக்கிள்பச்சை. பகலில் அந்தப் பெட்டி எங்களுக்கு மேசை. நவராத்திரிக்குச் சரஸ்வதி படம் வைக்கும் பீடம்.

ரயில் பாதையின் சிலிப்பர் கட்டைகளும் தண்டவாளங்களும் பங்கர்களுக்குப் போயின. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தபிறகு, கைவிடப்பட்ட பங்கரில் இருந்து எடுத்த சிலிப்பரை எங்கள் அயலவர் ஒருவர் வாசல் வாங்காகப் போட்டிருந்தார். பழைய மரத்தில் செய்த மேசைக்கு இன்று கொழும்பில் கேட்கும் விலையைப் பார்க்கும்போது அந்த வாங்குதான் எனக்கு ஞாபகம் வரும்.

ஏ9 திறந்திருந்த அந்தச் சில வருடங்களில் பெயின்றும் பிளாஸ்ரிக் கதிரையும் தாராளமாக வந்தன. 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி பூட்டப்பட்டது. 2009இன் தொடக்க மாதங்களில் முல்லைத்தீவுக் கரைப்பக்கம் ஒதுங்கிய சனம் சேலைகளை வெட்டி மண்மூட்டை தைத்தது. பழஞ்சேலை, பட்டுச்சேலை, கூறைச்சேலை எதுவும் தப்பவில்லை. திரையாகத் தொங்கிய எங்கள் மாம்பிஞ்சுக் கரைச் சேலையும் அங்கே மணல் நிரப்பப்பட்டுக் கிடந்தது. இதற்கு மேல் இதைப்பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

ஏறத்தாழ 3 லட்சம் பேரை வவுனியாவில் முகாம்களுக்குள் வைத்தார்கள். மெனிக் பாமில் ஒரு பிரிவுக்கு ஆனந்த குமாரசுவாமியின் பெயர். கைவினைஞர்களின் மரவேலையையும் நெசவையும் பாய் இழைப்பையும் பற்றி 1908இல் ‘மத்தியகால சிங்களக் கலை’ என்ற பெரிய நூலை எழுதிய அதே குமாரசுவாமி! பெயர் வைத்தவர்களுக்கு அது தெரிந்திருக்குமோ தெரியாது. கூடாரத்துக்குள் சனம் மீன் ரின்னை வெட்டித் தட்டி விளக்குச் செய்தது. நிவாரண அரிசிப் பையைப் பிரித்துத் தைத்துத் திரை போட்டது. தண்ணீர்ப் போத்தலைப் பாதியாக வெட்டி வாசலில் பூக்கன்று வைத்தது. வேறு எந்தப் பிரிவுக்கும் இல்லாத பொருத்தம் அந்தப் பெயருக்குத் தற்செயலாக வாய்த்துவிட்டது. கடைசி ஆட்கள் அங்கிருந்து வெளியேறியது 2012 செப்ரெம்பரில்.

மீள்குடியேறியபோது முதலில் தகரக் கொட்டில், பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தின் கல்வீடு. 5,50,000 ரூபாவுக்குள் சுவரும் கூரையும் எழும்பின. உள்ளே போடச் சாமான் இல்லை. அந்த இடைவெளியில்தான் தவணைக்காரர்கள் நுழைந்தார்கள். கிழமைக் கட்டணம் கட்டி வாங்கிய சோபா, கட்டணம் முடியும் முன்பே துணி கிழிந்து பஞ்சு தெரிய நிற்பதை நான் பல வீட்டில் பார்க்கிறேன். தடிக்கட்டில் கட்டத் தெரிந்த கைகள் அதே வீட்டில் சும்மா இருக்கின்றன. சிக்கனத்தை வறுமையின் அடையாளமாக எண்ணி வெட்கப்பட்டதுதான் இதற்குக் காரணம் என்பது என் கட்சி. மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

பழைய இரும்புக்காரர் இப்போதும் சைக்கிளில் வருகிறார். றங்குப் பெட்டி, விளக்கு, வால்வுக் குழாய் எல்லாம் அவருக்கு ஒரே நிறை, ஒரே விலை. உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது மிஞ்சியிருந்தால் அவரிடம் கொடுக்காதீர்கள். யார் செய்தது, எந்த ஊரில் இருந்தபோது, எதை வைத்துச் செய்தது என்று ஒரு தாளில் எழுதி அதற்குள் வையுங்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஓர் அலுமாரித் தட்டு ஒதுக்கித் தரச்சொல்லிக் கேளுங்கள். எங்கள் பெட்டியை நான் அப்படித்தான் கொடுக்கப்போகிறேன்.