பாஸ்டன் பள்ளிகள்: தெரிவுரிமையின் வரலாறு

அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பொதுப்பள்ளிகள் குறித்த வழக்கொன்றில், 1849-இலேயே சாதி என்னும் சொல் ஒலித்தது. சாரா ராபர்ட்ஸ் என்ற கறுப்பினச் சிறுமி, வெள்ளையருக்கான ஐந்து பள்ளிகளைக் கடந்து, கறுப்பினப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்ட பள்ளிக்குச் செல்லுமாறு பணிக்கப்பட்டாள். அவள் தந்தை வழக்குத் தொடுத்தார். கறுப்பின வழக்கறிஞர் ராபர்ட் மோரிசுடன் இணைந்து வாதாடிய சார்லஸ் சம்னர், நிறத்தின் பெயரால் குழந்தைகளைப் பிரிப்பது சாதியின் தன்மை கொண்டது என்றார். மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் 1850-இல் அவ்வாதத்தை நிராகரித்தது. 'பிரித்தாலும் சமமே' என்ற 1896-ஆம் ஆண்டின் பிளெசி தீர்ப்பு சான்றாகக் காட்டியவற்றுள் இதுவும் ஒன்று.

1855-இல் மாநிலச் சட்டம் இப்பிரிப்பைத் தடை செய்தது. ஆயினும் குடியிருப்புகள் பிரிந்தே இருந்தன. பள்ளிகளும் அவற்றைப் பின்தொடர்ந்தன.

நாம் கூர்ந்து நோக்க வேண்டியது 1961-இல் வந்த திறந்த சேர்க்கை விதியை. காலியிடமுள்ள எந்தப் பள்ளியிலும் சேரலாம் என்றது அது. போக்குவரத்துச் செலவோ பெற்றோருடையது. ராக்ஸ்பரி பகுதிக் கறுப்பினத் தாய்மார், எலன் ஜாக்சன் முதலியோர் தலைமையில், 1965-இல் நன்கொடை திரட்டிப் பேருந்து அமர்த்திப் பிள்ளைகளை அனுப்பினர். அதே விதியைக் கொண்டே வெள்ளையினப் பெற்றோர் கறுப்பினப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளிலிருந்து தம் பிள்ளைகளை விலக்கிக்கொண்டனர். விதி ஒன்று, பயன் இரண்டு.

இனப்பிரிப்பைப் பள்ளிக் குழு திட்டமிட்டே பேணியது என்று 1974 ஜூனில் நீதிபதி ஆர்தர் காரிட்டி தீர்ப்பளித்தபோது, இவ்விதி நடைமுறைப்பட்ட விதத்தையும் சான்றாகக் கொண்டார். பேருந்துகளில் பிள்ளைகளை மாற்றி அனுப்ப ஆணையிட்டார். தென் பாஸ்டனில் அப்பேருந்துகள் மீது கற்கள் வீசப்பட்டன.

மறுமாதமே, டெட்ராய்ட் தொடர்பான மில்லிகன் வழக்கில், குற்றம் நிறுவப்படாத புறநகர்ப் பள்ளி மாவட்டங்களை இத்தகைய தீர்வுக்குள் இழுக்கலாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் கூறிவிட்டது. வசதியுள்ள வெள்ளையினக் குடும்பத்துக்கு நகர எல்லையே மதிலாயிற்று. 1966 முதல் நகரப் பிள்ளைகள் சிலரைப் புறநகர்ப் பள்ளிகளில் சேர்த்துவரும் மெட்கோ திட்டமும் அப்புறநகர்களின் இசைவால் இயங்குவதே.

1989-இல் நகரம் மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. பெற்றோர் தெரிவு செய்யலாம், இனச் சமநிலையும் கணக்கில் கொள்ளப்படும் என்ற முறை வந்தது. 1999-இல் பள்ளிக் குழு இனத்தைக் கணக்கிலிருந்து நீக்க முடிவெடுத்தது. தெரிவு மட்டும் எஞ்சியது. 2014 முதல், வீட்டிலிருந்துள்ள தொலைவையும் பள்ளியின் தரத்தையும் கொண்டு ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப் பட்டியல் அளிக்கப்பட்டது. கறுப்பின மக்கள் செறிந்த பகுதிகளின் பிள்ளைகள் குறைவான தரமான இடங்களுக்கே போட்டியிட நேர்ந்ததை 2018-இல் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வு எடுத்துக்காட்டியது.