உயிலும் சொத்து வியவஸ்தையும்
சொத்து வியவஸ்தை என்பது, தமக்குப்பின் ஸ்தாவர, ஜங்கம சொத்துக்கள் யாரைச் சேரவேண்டும் என்று ஒருவர் ஜீவதசையிலேயே செய்துவைக்கும் ஏற்பாடு. காசியினும் வீசம் அதிகப் புண்ணியமுடையது என்று பெயர்பெற்ற விருத்தாசலத்தில், பீங்கான் சூளையும் சிறு மனையும் தேடிய குடும்பத்தார்கூட மரணத்தைக் குறித்துப் பேசக் கூசுவது விநோதமே.

இளமையில் வங்கிக் கணக்குக்கு நாமினி பெயர் கொடுப்பதோடு பலர் திருப்தியடைகின்றனர். நாமினியோ பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் ஒப்புவிக்கக் கடமைப்பட்டவரேயன்றி உரிமையாளர் அல்லர்.

நடுவயதில், சகோதரர் கூட்டாகச் சூளை நடத்துமிடத்து, சுயார்ஜிதம் எது, பிதுரார்ஜிதம் எது என்று வகைப்படுத்துவதே பிரதான காரியம்; ஏனெனில் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு செய்த 1989 திருத்தம் அதுகாறும் மணமாகாத இந்துப் பெண்மக்களுக்கும், 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் மணமானவர்களுக்கும் பிதுரார்ஜிதத்தில் ஆண்மக்களுக்கு நிகரான பாகம் அளித்துள்ளன. சூளை இருப்பது தொழிற்பேட்டைக் கொட்டகையாயின் அதன் ஒதுக்கீட்டு நிபந்தனைகளையும் பார்த்தல் அவசியம்.

முதுமையில் எழுதப்படும் உயிலுக்கு, 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, குறைந்தது இரு சாட்சிகள் வேண்டும். பதிவு கட்டாயமன்று, ஆயுள் உள்ளளவும் மாற்றலாம். செட்டில்மெண்ட் பத்திரமோ உரிமையை அப்போதே கைமாற்றிவிடும். பாசமிகுதியால் அவசரப்படுவோர் இங்கேதான் இடறுகின்றனர். தம்மைப் பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுவித்த மூத்தோர், அது மீறப்பட்டால், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி தீர்ப்பாயத்தில் அப்பத்திரத்தை ரத்துசெய்யக் கோரலாம்.