விளிம்பில் உள்ள பெயர்: ஐரோப்பியப் போர்ப் பதக்கங்களின் மெய்ம்மையைத் துணியும் முறை

போர்ப் பதக்கம் ஒன்று அசலா, போலியா என்பதைச் சேகரிப்பாளர்களும் ஏலக்கூடங்களும் ஒரே கேள்வியாகவே கேட்டு வருகின்றனர். அதற்குள் மூன்று கேள்விகள் பொதிந்திருக்கின்றன. இப்பொருள் தனக்கு உரியதாகச் சொல்லப்படும் காலத்தில்தான் செய்யப்பட்டதா? செய்யப்பட்டது உரிய அதிகாரத்தால் எவருக்கேனும் வழங்கப்பட்டதா? பெற்றவர் இன்னார்தான் என்று நிறுவ முடியுமா? முதல் கேள்விக்கு உலோகமும் வார்ப்பும் அச்சும் ஓரளவு விடை தரும். அடுத்த இரண்டுக்கும் விடை ஏடுகளில்தான் இருக்கிறது: அரசிதழில், படைப் பதிவேட்டில், வழங்கலின்போது கொடுத்த சான்றிதழில், பதக்கத்தின் விளிம்பில் பொறித்த எண்ணிலும் பெயரிலும். இந்த மூன்றையும் பிரிக்காமல் 'அசல்' என்ற ஒரு சொல்லுக்குள் அடக்குவதே இத்துறையின் பெரும்பாலான பிழைகளுக்கு வேர் என்பது இக்கட்டுரையின் வாதம். பிரிட்டனின் விக்டோரியா கிராஸ், முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் பதக்கங்கள், பிரஷ்யாவின் இரும்புச் சிலுவை ஆகிய மூன்றையும் சான்றாகக் கொண்டு அதை நிறுவலாம்.

உலோகமே உண்மையைச் சொல்லும் என்ற நம்பிக்கைக்கு விக்டோரியா கிராஸ்தான் மிகச் சிறந்த சோதனை. 1856 ஜனவரி 29 அன்று அரச ஆணையால் நிறுவப்பட்ட இவ்விருதை, 1857 ஜூன் 26 அன்று லண்டன் ஹைடு பூங்காவில் 62 பேருக்கு விக்டோரியா அரசியார் தம் கையாலேயே அணிவித்தார். செவஸ்தபோலில் கைப்பற்றிய ரஷ்யப் பீரங்கிகளின் வெண்கலத்திலிருந்து அது செய்யப்படுகிறது என்பது நூறாண்டுக்கு மேலாகப் பள்ளிப் புத்தகம் முதல் ஏலப் பட்டியல் வரை ஏறிவிட்ட செய்தி. ஆனால் பழைய சிலுவைகளை எக்ஸ் கதிரால் ஆராய்ந்தபோது, 1914 டிசம்பருக்குப் பின் செய்த ஏறக்குறைய எல்லாவற்றின் உலோகமும் பழைய சீனப் பீரங்கிகளிலிருந்து வந்தது என்று தெரிந்தது. ஜான் கிளான்ஃபீல்டு 2005 இல் வெளியிட்ட நூல் இதை விரிவாக எடுத்துக்காட்டியது. இதன் பொருளை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். 'ரஷ்ய வெண்கலம் இருந்தால் அசல், இல்லையேல் போலி' என்று ஒரு மதிப்பீட்டாளர் விதி வகுத்திருந்தால், இருபதாம் நூற்றாண்டின் மெய்யான சிலுவைகளில் பெரும்பாலானவற்றை அவர் தள்ளியிருப்பார். ஆய்வுக்கூடம் இங்கே பொய்யாக்கியது பதக்கங்களை அன்று, அவற்றைப் பற்றிய மரபுக் கதையை. அச்சிலுவைகளின் மெய்ம்மைக்கு ஒரு குறையும் வரவில்லை. ஏனென்றால் அது உலோகத்தை நம்பி இருந்ததே இல்லை. செயலின் நாள் சிலுவையின் பின்புற நடுவட்டத்திலும், வீரரின் பெயர் நாடாவைத் தாங்கும் பட்டையின் பின்புறத்திலும் செதுக்கப்படுகின்றன. விருதின் செய்தி லண்டன் அரசிதழில் அச்சாகிறது. தொடக்கம் முதலே ஹான்காக்ஸ் என்ற ஒரே நகைக்கடைதான் அதைச் செய்து வருகிறது.

இதிலிருந்து அறிவியல் ஆய்வு வீண் என்று முடிவு கட்டுவது தவறு. அதன் வலிமை ஒரு திசையில் மட்டும் செல்வது என்பதை உணர்வதே முறை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே பரவலான வெளுப்பூட்டும் வேதிப்பொருள் சான்றிதழின் தாளில் புற ஊதாக் கதிரில் ஒளிர்ந்தால், அத்தாள் 1916 இல் எழுதப்பட்டதாக இருக்க முடியாது. வழக்கு அங்கேயே முடிகிறது. ஒளிராவிட்டால் அது அசல் என்று ஆகிவிடாது. பழைய கணக்குப் புத்தகங்களின் எழுதாத தாள்கள் இன்றும் கிடைக்கின்றன. பிரஷ்யாவின் நீலச் சிலுவையான 'பூர் ல மெரித்' விருதையும் இங்கே நினைக்கலாம். 1740 இல் இரண்டாம் பிரெடரிக் நிறுவிய அது நெடுங்காலம் பொன்னால் செய்யப்பட்டது. போர்க்கால நெருக்கடியில், 1916 நவம்பர் முதல், வெள்ளியில் பொன் முலாம் பூசி வழங்கினர். விருதாளர் சிலர் தம் செலவில் இன்னொன்றை நகைக்கடையில் வாங்கியும் அணிந்தனர். ஆகவே 1917 இல் விருது பெற்றவருடையது என்று விற்கப்படும் பொற்சிலுவை நம்பிக்கையைக் கூட்டுவதற்குப் பதில் ஐயத்தையே எழுப்ப வேண்டும். உலோகம் பேசுவது உண்மைதான். ஆணைகளின் வரலாறு அறிந்தவருக்கே அதன் பேச்சு புரிகிறது.

முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் பதக்கங்கள் வேறொரு நிலையில் நிற்கின்றன. 36 மில்லிமீட்டர் விட்டமுள்ள வெள்ளிப் போர்ப் பதக்கம் மட்டும் ஏறத்தாழ 65 லட்சம் பேருக்கு வழங்கப்பட்டது. இவ்வளவு மலிந்த ஒன்றைப் போலியாக வார்ப்பதில் எவருக்கும் ஆதாயமில்லை. 1979-80 இல் வெள்ளி விலை ஏறியபோது மெய்யான பதக்கங்களையே உருக்கி விற்றார்கள். இதன் மதிப்பு முழுவதும் விளிம்பில் இருக்கிறது. ஒவ்வொரு பதக்கத்தின் விளிம்பிலும் படையாளின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை அச்செழுத்தால் பதிக்கப்பட்டன. அந்தப் பெயரைப் பதக்கப் பதிவேட்டோடும் அட்டவணை அட்டையோடும் ஒப்பிடலாம். அவற்றைக் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம் வழியாகப் பார்க்கலாம். 1940 செப்டம்பரில் லண்டன் ஆர்ன்சைடு தெருக் கிடங்கில் குண்டு விழுந்து படைவீரர்களின் பணிக்கோப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை எரிந்து போயின. பதக்கப் பதிவேடுகள் தப்பின. பணிக்கோப்பு சாம்பலான எத்தனையோ எளிய சிப்பாய்களுக்கு, தாம் அந்தப் போரில் இருந்ததற்கான சாட்சி இன்று ஓர் அட்டையிலும் ஒரு வெள்ளி விளிம்பிலும்தான் எஞ்சியிருக்கிறது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். பதிவேடு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. மோசடிக்காரனும் அதைப் படிப்பான். சொம் சண்டையின் முதல் நாளான 1916 ஜூலை 1 அன்று மட்டும் பிரிட்டிஷ் படையில் 19,240 பேர் இறந்தனர். அன்று இறந்தவரின் பதக்கத்துக்குச் சந்தையில் தனி விலை உண்டு. யாருக்கோ வழங்கிய சாதாரணப் பதக்கத்தின் விளிம்பைத் தேய்த்து, பட்டியலில் உள்ள ஒரு பெயரைப் பொறித்துவிட்டால் பொருளும் பழையது, பெயரும் மெய். இம்மறுப்பு சரியானதே. பதிவேடு காட்டுவது ஒருவரின் உரிமையை மட்டுமே. கையில் இருக்கும் இந்த வில்லைதான் அவருக்குச் சென்றது என்பதை அது காட்டுவதில்லை. ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை உடைப்பதற்கு மாறாக அதற்கே துணை நிற்கிறது. முதல் இரண்டு கேள்விகளுக்கும் 'ஆம்' என்ற விடை வந்த பிறகும் மூன்றாவது தனியே நிற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. விளிம்பைத் தேய்த்தால் விட்டம் குறையும். அளவியால் பல இடங்களில் அளந்தால் மில்லிமீட்டரின் சிறு பின்னமும் காட்டிக்கொடுக்கும். பதித்த எழுத்தின் வடிவமும் இடைவெளியும் அந்தந்தக் காலத்து அரசு அச்செழுத்தோடு ஒத்துப்போக வேண்டும். இழந்த பதக்கத்துக்கு ஈடாக அரசே பின்னாளில் வழங்கிய மாற்றுப் பதக்கங்களும் உண்டு. அவற்றின் பெயர் மெய், உரிமை மெய், காலம் மட்டும் வேறு. அவற்றைப் போலி என்பதும் அநீதி, முதல் வழங்கல் என்பதும் அநீதி.

இரும்புச் சிலுவைக்கு வரும்போது நிலம் நழுவுகிறது. நெப்போலியனுக்கு எதிரான போரின்போது, 1813 மார்ச்சில் பிரெஸ்லாவில் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் மன்னர் நிறுவிய விருது இது. வடிவத்துக்கு இறுதி உருக் கொடுத்தவர் கட்டடக்கலைஞர் ஷிங்கெல். கறுத்த வார்ப்பிரும்பு, சுற்றிலும் வெள்ளிச் சட்டம். பொன் கொடுத்து இரும்பு வாங்கிய ஒரு தலைமுறையின் எளிமை அதில் தெரிகிறது. 1870, 1914, 1939 ஆகிய ஆண்டுகளில் அது புதுப்பிக்கப்பட்டது. முதல் உலகப் போரில் இரண்டாம் வகுப்புச் சிலுவை மட்டும் பல பத்து லட்சம் பேருக்குச் சென்றது. அரசு அதில் பெயர் பொறிக்கவில்லை. செய்தவர்கள் பலர், கடையில் காசு கொடுத்தும் வாங்கலாம். காந்தம் ஒட்டினால் அசல் என்று கைநூல்கள் சொல்லும் சோதனை இருபக்கமும் தவறுகிறது: பித்தளை நடுப்பகுதி கொண்ட காலச் சிலுவைகளும் உண்டு, இன்றைய போலிக்கு இரும்பு கிடைக்காமலும் இல்லை. ஏடுகளைத் தேடிப் போனால், பிரஷ்யப் படையின் ஆவணங்களில் மிகப் பெரும்பகுதி 1945 ஏப்ரலில் போட்ஸ்டாமில் எரிந்துவிட்டது. தனிப்படை வைத்திருந்த பவேரியாவின் பதிவேடுகள் மியூனிக்கில் பிழைத்திருக்கின்றன. இதனால், ஒரே நாளில் ஒரே விருதைப் பெற்ற இருவரில் பவேரியச் சிப்பாயின் உரிமையை நிறுவ முடிகிறது. பிரஷ்யச் சிப்பாயுடையதை அவர் குடும்பம் காத்த சான்றிதழ் இல்லாமல் நிறுவுவது அரிது. தமிழில் ஒரு சொல்லாகவே புகுந்துவிட்ட எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலை எடுத்துக்கொள்வோம். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னையைச் சுட்ட அக்கப்பலின் தலைவர் முல்லரும் இரும்புச் சிலுவை பெற்றவரே. நாளை ஒருவர் 1914 ஆம் ஆண்டுச் சிலுவை ஒன்றைக் காட்டி, எம்டன் மாலுமி அணிந்தது என்று விற்க வந்தால், அதை ஏற்கவோ மறுக்கவோ அந்த இரும்பில் ஓர் எழுத்தும் இல்லை.

பழகிய கண் போதும் என்பது சேகரிப்பாளரின் அடுத்த மறுப்பு. பல்லாயிரம் சிலுவைகளைக் கையாண்டவரின் கண்ணுக்கு மதிப்பு உண்டு. அதை நான் குறைக்கவில்லை. ஆனால் அந்தக் கண் எதைப் பார்த்துப் பழகியது? 1957 ஜூலை 26 இன் சட்டம், ஸ்வஸ்திகா நீக்கிய வடிவில் இரண்டாம் உலகப் போர்க்கால விருதுகளை அணிய மேற்கு ஜெர்மனியில் அனுமதித்தது. லூடன்ஷைடு நகரின் ஸ்டைன்ஹவர் லூக் போல, போரின்போது விருதுகள் செய்த நிறுவனங்களே போருக்குப் பின்னும் செய்தன. கருவியும் கையும் பழக்கமும் தொடர்ந்த இடத்தில், போர் முடிவுக்கு முன், பின் என்ற கோட்டைக் கண்ணால் கிழிப்பது எளிதன்று. அச்சின் விரிசலைப் பின்தொடரும் முறை இதைவிடச் சிறந்தது. அச்சு அடிக்க அடிக்க விரிசல் வளரும். போருக்குப் பிந்தியது என்று உறுதியான ஒன்றில் உள்ளதைவிட மிகுந்த விரிசல் காட்டுவது அதற்கும் பிந்தியது. ஆனால் இந்த வரிசைக்கும் ஒரு நங்கூரம் வேண்டும்: பெற்றவரிடமிருந்து நேராக வந்து, வந்த வழி எழுத்தில் உள்ள ஒரு சிலுவையாவது வேண்டும். அந்த நங்கூரம் இல்லாமல், அசல் என்று ஏற்கனவே நம்பியவற்றோடு ஒப்பிட்டுப் புதியதை அசல் என்பது வட்டத்தில் சுற்றுவதே. போலி ஒன்று ஒப்பீட்டுத் தொகுப்பில் நுழைந்துவிட்டால், அதன் உடன்பிறப்புகள் எல்லாம் தேர்ச்சி பெறும்.

இவ்வளவு கண்டிப்பு காட்டினால் உலகின் பெரும்பாலான இரும்புச் சிலுவைகள் 'யாருடையது என்று தெரியாது' என்ற நிலையில் நின்றுவிடுமே என்பர். நிற்கட்டும். 'போர்க்காலப் பொருள், வழங்கல் அறியப்படவில்லை, பெற்றவர் அறியப்படவில்லை' என்ற மூன்று தொடர்கள் ஒரு பொருளை இழிவுபடுத்துவதில்லை. இறந்துபோன ஒருவரின் துணிவை, அதற்கு உரிமையில்லாத உலோகத்தின் மேல் ஏற்றி விற்பதுதான் இழிவு. அருங்காட்சியகங்களும் ஏலக்கூடங்களும் ஒவ்வொரு பதிவிலும் இம்மூன்று விடைகளையும் தனித்தனியே எழுத வேண்டும். சான்றிதழிலிருந்து சிலுவையையும், ஒரே ஆளின் தொகுதியிலிருந்து ஒரு பதக்கத்தையும் பிரித்து விற்பவர்கள், விலைக்காக ஆதாரத்தை அழிக்கிறார்கள் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின் நட்சத்திரப் பதக்கங்களைப் பிரிட்டன் தன் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலே அனுப்பியது. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் பெயர் பொறித்தே வழங்கின. பர்மாவில் போரிட்ட சென்னை மாகாணத்துச் சிப்பாயின் பதக்கம், அந்த வகையில் லண்டன்காரரின் பதக்கத்தைவிட நல்ல சான்று. அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், பளபளப்புக்காக அதன் விளிம்பைத் தேய்க்காதீர்கள். எண்ணையும் பெயரையும் படைப்பிரிவையும் அதில் உள்ளபடியே ஒரு தாளில் எழுதி, அது உங்கள் கைக்கு வந்த வழியையும் சேர்த்து எழுதி, பதக்கத்தோடு வையுங்கள்.